சம்போய் பிழிந்த தண்ணீர்

ருஃபினோவுக்கு மூன்று நாளாக மூத்திரம் போகவில்லை.

இலாயா கிராமத்தில் அந்த வாரம் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. வாசலுக்குச் சாயம் பூச வேண்டும், பன்றிக்குச் சொல்லி வைக்க வேண்டும், தோரணத்துக்கு மூங்கில் வெட்ட வேண்டும். ஆனால் வெட்டப் போனவனும் பூசப் போனவனும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ருஃபினோவின் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு புற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முழங்கால் உயரப் புற்று. அதன் உச்சியில் யாரோ ஓர் அவித்த முட்டையும் ஒரு சிகரெட்டும் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை தென்னஞ்சாராயம் போட்டுவிட்டு ருஃபினோ அந்தப் புற்றின் மேல்தான் ஒன்றுக்குப் போனான் என்பது ஊரின் தீர்ப்பு. "தள்ளிக்குங்க, ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே இருக்கும் குள்ளக் கிழவர் ஒதுங்கியிருப்பார். சொல்லவில்லை. தலை நனைந்த கோபத்தில் கிழவர் குழாயை அடைத்துவிட்டார்.

"சிகரெட் வெச்சாங்களே, தீப்பெட்டி வெச்சாங்களா?" என்றாள் தோரிங். "கையில சிகரெட்ட வெச்சுக்கிட்டு நெருப்புக்கு அலைஞ்சா மனுஷனுக்கே கோவம் வரும். அவருக்கு வராதா?"

மினியாங் சிரித்தாள். சிரித்த பிறகு உறுத்தியது. ருஃபினோவின் மனைவி ஸெனாய்தா அவளுடைய குமாரே. ஸெனாய்தாவின் ஒரே மகளைக் மாதாகோயில் ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் மினியாங்தான். அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. இவளுக்கு அவள் குமாரே, அவளுக்கு இவள் குமாரே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி. வேலியிலும் ஒரு ஓட்டை.

"நெசமாவே சொல்லு மினியாங், ஆஸ்பத்திரில குழாய் போட்டும் வரலியாமே?"

"போட்டுப் பாத்தாங்களாம், தோரிங் அக்கா. பையில ரெண்டு சொட்டு. உள்ளயே ஊறலன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்."

"ஊறலன்னா? கெணறா அது?"

தோரிங் அறுபது வயது விதவை. திருவிழாச் சமயத்தில் மினியாங்குக்குக் கை உதவிக்கு வருவாள். கை ஒரு பங்கு வேலை செய்தால் வாய் மூன்று பங்கு செய்யும். இப்போதும் மடியில் காமியாஸ் கூடை. கட்டைவிரல் நீளம், வெள்ளரிப் பிஞ்சு மாதிரிப் பச்சை, மரத்தின் அடித்தண்டிலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய். கடித்தால் காது வரைக்கும் கூசும். காம்பைக் கிள்ளி, முள்கரண்டியால் நாலு குத்துக் குத்தி, சாக்கில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சாக்கு நிரம்பியதும் மினியாங் அதை மரப்பலகையில் கிடத்தி, மேலே இன்னொரு பலகை வைத்து, ஆற்றுக் கல்லை ஏற்றினாள். பலகையின் ஓரத்து மூங்கில் வாய்க்கால் வழியாகப் பச்சைத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி பேசின் பாத்திரத்தில் விழுந்தது. பிழிந்த காய் சுண்ணாம்புத் தெளிவில் ஓர் இரவு ஊறும். மறுநாள் ஏழு தண்ணீரில் அலசி, கரும்புச் சர்க்கரைப் பாகில் இரண்டு நாள் விட்டு விட்டுக் கொதித்து, மூங்கில் தட்டில் மூன்று நாள் வெயில் காயும். சுருங்கிக் கறுத்து, நடுவில் மட்டும் ஈரம் நிற்க வேண்டும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, எச்சில் ஊறி ஊறிக் கடைசியில் ஒரு பொட்டு உப்பு. அதுதான் சம்போய். மினியாங் செய்யும் சம்போய்க்கு மூன்று ஊரில் ஆள் உண்டு. திருவிழாவுக்கு வாசலில் பலகாரம் தொங்கவிடும் வீடுகளில் பாதிக்கு மேல் அவள் கைச்சரக்குதான். அன்றைக்கு முற்றத்தில் நாற்பது தட்டு காய்ந்துகொண்டிருந்தது.

மே மாத வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் பிற்பகலானால் மலைப்பக்கம் கறுக்கும். ஒரு மழை தட்டில் விழுந்தால் போதும், பாகு கரைந்து சரக்கு புளித்துவிடும். அதனால் மினியாங்குக்கு அந்த வாரம் ஒரு கண் காயில், ஒரு கண் மேகத்தில்.

"இந்தத் தண்ணிய என்ன பண்றே இப்ப?" தோரிங் பேசினைக் காலால் காட்டினாள். "முன்னல்லாம் பின்வேலில கொட்டுவோம்."

"மொதப் பிழிய பாட்டில்ல புடிச்சு வெக்கறேன். கும்பாரேவுக்கு."

"யாரு, ருஃபினோவுக்கா? எதுக்கு?"

"ரத்தத்துல கொழுப்புன்னு டெஸ்ட்ல வந்துச்சில்ல. காமியாஸ் தண்ணி கொழுப்பக் கரைக்கும்னு போன்ல ஒரு வெள்ளைக்கோட்டுக்காரரு சொன்னாரு. நானே கேட்டேன். வருஷம் பூரா நம்ம சரக்க ஜீப்னி கூரையில ஏத்திச் சந்தைக்குக் கொண்டு போறாரு, ஒரு பைசா வாங்கினதில்ல. நாம வேற என்ன செய்யறது? தினம் காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர். பத்து நாளாக் குடிச்சாரு."

"குடிச்சாரா? மொகம் எப்படிப் போகும்?"

"ஒரு கண்ணை மூடிக்குவாரு. அப்புறம் ஒரு ஆட்டம் ஆடுவாரு, கோழி மாதிரி. குமாரே சிரிச்சு சிரிச்சு உக்காந்துடுவா."

தோரிங் அந்த ஆட்டத்தை உட்கார்ந்தபடியே ஆடிக் காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பேசின் நிரம்பிக்கொண்டிருந்தது.

*

சாயங்காலம் செனியோ தோப்பிலிருந்து வந்தான். மினியாங்கின் கணவன். நாளெல்லாம் தேங்காய் உரிப்பவன். தோள் அகலம், பேச்சு குறைவு, புளிப்பென்றால் ஓடுவான். சம்போய் செய்யும் வீட்டில் முப்பது வருஷம் இருந்தும் ஒரு முழுச் சம்போய் தின்றதில்லை.

வந்தவன் நேராகப் பிழியும் இடத்துக்குப் போய், பிழிந்த தண்ணீர் நின்ற பழைய பேசினுக்குள் கையை விட்டு, முந்தின நாள் ஊறப் போட்டிருந்த அரிவாளை எடுத்தான். சாக்கில் துடைத்தான். அந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதப் பாரு மினியாங். மூணு மழைக்காலத்துத் துரு. ஒரே ராத்திரி. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு."

"எப்பவும் போறதுதானே."

"எப்பவும் போறதுதான். ருஃபினோ இதைத்தானே பத்து நாளாக் குடிச்சான்? அவனுக்குள்ள இருக்கற துருவெல்லாம்கூட..."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். மினியாங் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

அடுப்பில் பாகு குமிழ் விட்டது. அவள் கிளறவில்லை.

அவள் கண் முதலில் அரிவாளுக்குப் போனது. அங்கிருந்து மூங்கில் வாய்க்காலுக்குக் கீழே, சிமெண்டுத் தரைக்கு. முப்பது வருஷமாகச் சொட்டுச் சொட்டாகத் தெறித்த இடம் அம்மை வடுப் போல அரித்துக் கிடந்தது. அப்புறம் தன் விரல்களுக்கு. பிழிகிற வாரத்தில் நுனித்தோல் உரியும். பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் பிழிவாள். கடைசியாகப் பின்வேலிக்கு. கொட்டுகிற இடத்தில் புல் முளைத்ததில்லை. இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள்: பிழிந்த தண்ணீரை எடுத்துப்போய் வேலியோரம் கொட்டு, 'தள்ளிக்குங்க, ஐயா'ன்னு சொல்லிட்டுக் கொட்டு. யாருக்கும் பட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாதவர்களுக்குக்கூட.

"செனியோ."

"வேணாம்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். வேணாம். நீ என்ன டாக்டரா?"

"டாக்டரம்மா கேட்டாங்களாம், வேற ஏதாவது குடிச்சாரா, வேர், தழை, கஷாயம்னு. குமாரே இல்லைன்னுட்டாளாம். நாட்டு வைத்தியர்கிட்ட போனதச் சொன்னா திட்டுவாங்கன்னு பயம். காமியாஸ அவ மருந்துக் கணக்குல சேக்கவே இல்ல. அது காய்தானே. மீன் கொழம்புல போடற காய்."

"ஆமா. காய்தான். ஊரே மீன்ல போட்டுத் திங்குது. யாருக்காவது அடைச்சுதா?"

"மீன்ல நாலு காய் போடுவோம். ஒரு டம்ளருக்கு நான் எத்தனை காய் பிழிஞ்சேன் தெரியுமா?"

செனியோ அரிவாளைச் சுவரில் சாய்த்து வைத்தான். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"கேளு. அவன் எனக்கும் சிநேகிதன்தான். சனிக்கிழமை அவனோட உக்காந்து குடிச்சவன் நான். ஆனா நீ போய் 'நான் குடுத்த தண்ணிதான்'னு சொன்னா என்ன ஆகும்? ஒருவேள அது இல்லைன்னா? சும்மா ஒரு பழி. ஒருவேள அதுதான்னா? மினியாங் விஷம் குடுத்துட்டான்னு ஆகும். தண்ணி வேற, சம்போய் வேறன்னு எவன் கேப்பான்? நாளைக்கு இந்தக் கைல செஞ்சத ஒருத்தன் வாயில வெப்பானா?"

"அன்பாத்தானே குடுத்தேன்."

"அன்பாக் குடுத்தாலும் குடுத்தது நீதானே."

மினியாங் திரும்பிப் பாகைக் கிளறினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. ரிஸ்ஸா. ஸெனாய்தாவின் மகள், தைவானில் ஒரு ஃபேக்டரியில் வேலை. தலையில் தொப்பியும் வாய்க்கவசமுமாகத் திரையில் கண் மட்டும் தெரிந்தது. ஞானத்தாயை அவள் நினாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"நினாங், அம்மா போன எடுக்க மாட்டேங்கறாங்க. அப்பாக்கு எப்படி இருக்கு? நெசத்தச் சொல்லுங்க. அம்மா எங்கிட்ட எல்லாத்தையும் மறைப்பாங்க. நீங்க மறைக்க மாட்டீங்க."

மினியாங் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். முகம் இருட்டில் இருக்கட்டும் என்று.

"டாக்டருங்க பாக்கறாங்க, கண்ணு. நீ சாப்டியா?"

*

இரவு முழுக்க அவள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். முடிவு இதுதான்: பேச வேண்டாம். குடித்தது குடித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இனிமேல் யாரும் அதைக் கொடுக்கப் போவதில்லை. டாக்டர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். படித்தவர்கள்.

புதன்கிழமை காலை, தட்டுகளை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வேலி ஓட்டை வழியாக ஸெனாய்தா வந்தாள். மூன்று நாள் தூங்காத முகம். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் காலி பாட்டில்கள் இரண்டு.

அந்த பாட்டில்களை மினியாங்குக்குப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது.

"குமாரே, ரெண்டு பாட்டில் ரொப்பிக் குடு. சீக்கிரம். கீழ டிரைசிக்கிள் நிக்குது."

"எதுக்கு?"

"எதுக்கா? அவருக்குத்தான். வாய் கசக்குது, புளிப்பா ஏதாவது குடுடின்னு உயிர எடுக்கறாரு. அங்க தண்ணிகூட அளந்துதான் குடுக்கறாங்க. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் போர்வைக்குள்ள வெச்சுக் குடுத்துடுவேன். வைத்தியர்கூடச் சொன்னாரு, புளிப்பு அடைப்ப எடுக்கும்னு."

மினியாங் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "எப்பலேர்ந்து குடுக்கறே?"

"சேத்த நாள்லேர்ந்து. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இன்னிக்கு விடியக்கால அடியில இருந்த மண்டியையும் குலுக்கிக் குடுத்தேன். என்ன குமாரே அப்படிப் பாக்கறே?"

பலகைக்குப் பக்கத்தில் பேசின் இருந்தது. முழுசாக. விடியற்காலையில் பிழிந்தது.

மினியாங் வாயைத் திறந்தாள். என்ன வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது இதுதான்: "தண்ணி இல்ல."

ஸெனாய்தா பேசினைப் பார்த்தாள். பிறகு மினியாங்கைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"அது... அழுக்கு. எலி விழுந்துடுச்சு." சொல்லிக்கொண்டே மினியாங் பேசினைக் காலால் சாய்த்தாள். பச்சைத் தண்ணீர் முற்றத்து மண்ணில் நுரைத்து ஓடி, இருவர் காலையும் நனைத்தது.

ஸெனாய்தா காலி பாட்டில்களைப் பைக்குள் போட்டாள்.

"புரியுது," என்றாள் ஸெனாய்தா. "அவரு நல்லா ஓடியாடி உன் மூட்டைய ஏத்தினப்ப பாட்டில் பாட்டிலா வந்துச்சு. இப்ப படுத்துட்டாரு. இனிமே எதுக்குன்னு இருக்கும்."

"குமாரே, அப்படி இல்ல..."

"இருக்கட்டும். எங்க வேலில மரம் இல்லாமயா போச்சு? எனக்கும் கை இருக்கு. நானே பிழிஞ்சுக்கறேன்."

அவள் ஓட்டை வழியாகத் திரும்பிப் போனாள். பாவாடை முள்ளில் மாட்டியது. நின்று எடுத்துவிடாமல் இழுத்துக்கொண்டே போனாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் கிளையைச் சடசடவென்று உலுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மிக்கல் சத்தம். நொச், நொச் என்று காய் நசுங்கும் சத்தம். மினியாங்குக்கு அந்தச் சத்தம் முப்பது வருஷப் பழக்கம். இன்றைக்குத்தான் அது முதுகுத்தண்டில் கேட்டது.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே. வேலி ஓட்டை நாலு எட்டு. அவள் கால் அந்த நாலு எட்டை வைக்கவில்லை. தட்டுகளை நேராக்கினாள். நேராக இருந்ததையே திரும்ப நேராக்கினாள். ஈ விரட்டினாள்.

டிரைசிக்கிள் மோட்டார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பும் சத்தமும் கேட்டது.

அப்புறம் சத்தமே இல்லை.

"மினியாங்," வாசலில் தோரிங் வந்து நின்றாள். "மலைப்பக்கம் பாத்தியா? இன்னிக்கு சீக்கிரமே கறுத்துடுச்சு. தட்டெல்லாம் உள்ள எடுப்போம், வா."

மினியாங் மலையைப் பார்த்தாள். உச்சி தெரியவில்லை. நாற்பது தட்டையும் உள்ளே வைத்து மூட இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆகும். நகரத்து ஆஸ்பத்திரிக்கும் அரை மணி நேரம்.

"நீங்க முடிஞ்சத எடுங்க, அக்கா."

"நான் ஒருத்தியா? நீ எங்க போறே? ஏய், செருப்பாவது போட்டுட்டுப் போ."

*

பாதி வழியில் மழை பிடித்தது. டிரைசிக்கிளின் தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. ஓட்டுகிறவன் ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவள் மனதில் தட்டுகள் ஒவ்வொன்றாக நனைந்தன. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மடத்துத் தெரு வீடுகளுக்கான சரக்கு, மேலத்தெரு வீடுகளுக்கானது. ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஆண்கள் வார்டில் பதினாறு கட்டில். நனைந்த பாவாடையில் வெறுங்காலோடு வந்த பெண்ணை வாசலில் காவலாள் தடுத்தான். "பார்வை நேரம் சாயங்காலம்தான்" என்றான். "என் தம்பி சாகறான்" என்று மினியாங் சொன்னாள். பொய்தான். ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன பொய்களில் அந்த ஒன்றுதான் எடுபட்டது.

ருஃபினோ ஜன்னலோரம் கிடந்தான். முகம் ஊதி, கண் இரண்டு கோடாகியிருந்தது. கால்கள் மாவு பிசைந்து வைத்த மாதிரி. கழுத்தளவு போர்வை. போர்வைக்குள் ஸெனாய்தாவின் கை. அந்தக் கையில் டம்ளர்.

மினியாங் போர்வையை உருவினாள். டம்ளரைப் பிடுங்கினாள். பாதி அவள் மேலேயே கொட்டியது.

"உனக்குப் பைத்தியமா?" ஸெனாய்தா எழுந்துவிட்டாள். "குடுக்கவும் மாட்டே, குடிக்கவும் விட மாட்டியா?"

"கும்பாரே, குடிச்சீங்களா? இதுல எவ்வளவு குடிச்சீங்க?"

ருஃபினோ வீங்கிய உதட்டால் சிரிக்கப் பார்த்தான். "ஒரு வாய். கோழி ஆட்டம் ஆட முடியல குமாரே, இடம் பத்தல."

நர்ஸ் ஓடி வந்தாள். பின்னால் டாக்டரம்மா. சின்ன வயசு, கண்ணில் தூக்கம். மினியாங் டம்ளரை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள். கோயிலில் நீட்டுகிற மாதிரி.

"இது காமியாஸ் தண்ணிங்க. சம்போய் பண்றப்ப பிழியறது. தண்ணி கலக்காதது. பத்து நாள் தினம் ஒரு டம்ளர் குடிச்சாருங்க. இங்க வந்த பின்னாடியும் குடிச்சிருக்காரு. நான்தாங்க குடுத்தேன். கொழுப்புக்கு நல்லதுன்னு நான்தான் குடுத்தேன். அவங்க மேல தப்பில்ல. அவங்களுக்கு இது மருந்துன்னே தெரியாது, அதான் நீங்க கேட்டப்ப சொல்லல."

டாக்டரம்மா டம்ளரை மோந்து பார்த்தாள். ஒரு சொட்டை விரலில் எடுத்து, என்னவோ நினைத்துத் துடைத்துவிட்டாள்.

"டம்ளர்னா எவ்வளவு பெருசு?"

மினியாங் கையால் காட்டினாள்.

"ஒரு டம்ளருக்கு எத்தனை காய்?"

"நாப்பது. சில நாள் அம்பது."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்ஸிடம் திரும்பி வேகமாக நாலு வார்த்தை சொன்னாள். அதில் டயாலிசிஸ் என்ற வார்த்தை மட்டும் இவர்களுக்குப் புரிந்தது. பிறகு ஸெனாய்தாவிடம் சொன்னாள்: "அந்தப் புளிப்பு உப்பா மாறிச் சிறுநீரகத்துல அடைச்சிருக்கலாம். ரெண்டு நாளா நாங்க வேற எங்கயோ தேடிட்டிருந்தோம். இனிமே இவருக்கு ஒரு சொட்டுகூட வெளியிலேர்ந்து வரக் கூடாது. இப்பவே ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ண ஆரம்பிக்கணும். கையெழுத்துப் போடுங்க."

"பொழைச்சுக்குவாருங்களா?" என்றாள் ஸெனாய்தா.

"இப்பவாவது தெரிஞ்சுதே," என்றாள் டாக்டரம்மா. அது பதிலா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலியான இடத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் துணிப்பையும் மட்டும் மிஞ்சின. ஜன்னலுக்கு வெளியே மழை.

ஸெனாய்தா மெதுவாகச் சொன்னாள். "காலையில எலி விழல."

"விழல."

"அப்பவே உனக்குத் தெரியும்."

"ம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்று காலையிலிருந்துதான் என்று சொல்லலாம். இவள் நம்புவாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து," என்றாள் மினியாங்.

ஸெனாய்தா விரலை மடக்கினாள். "நேத்து ராத்திரி ஒரு டம்ளர். விடியக்கால அந்த மண்டி. இப்ப ஒரு வாய்." மூன்று விரல் மடங்கியிருந்தன. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து நாள் குடுத்தது தெரியாம குடுத்தே. அதுல நீயும் நானும் சரிக்குச் சரி. இந்த மூணும் என் கையால குடுக்க வெச்சே, குமாரே."

அதற்குப் பிறகு அவள் மினியாங்கின் பக்கம் திரும்பவில்லை. மினியாங் சற்று நேரம் நின்றாள். பிறகு போனாள்.

*

தோரிங் ஒருத்தியாக ஒன்பது தட்டைக் காப்பாற்றியிருந்தாள். மீதி முப்பத்தொன்றிலிருந்தும் பாகு கரைந்து, முற்றம் முழுக்கப் பழுப்பாக ஓடியிருந்தது. ஒரு வாரத்துக்கு எறும்பு. செனியோ மண்வெட்டியால் மேல்மண்ணை வெட்டிக் கொண்டுபோய்த் தோப்பில் போட்டான். திரும்பி வந்து, "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான். "சொல்லிட்டேன்" என்றாள். அடுப்பில் சோறு வைத்தான்.

திருவிழாவுக்கு அந்த ஒன்பது தட்டையும் வாங்க யாரும் வரவில்லை. செனியோ சொன்னது சொன்னபடி நடந்தது. மினியாங் வீட்டுச் சம்போய் தின்றால் அடைத்துக்கொள்ளும் என்று தெருவில் ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். டாக்டரம்மா, பிழிந்து சுண்ணாம்பில் ஊறிய காய் வேறு, அந்தத் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு என்று செனியோவிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள். அவன் அதைச் சாராயக்கடை முதல் கோயில் வாசல் வரை சொல்லிப் பார்த்தான். குறைவாகப் பேசுகிறவன் அந்த வாரம் பேசிய பேச்சு ஒரு வருஷத்துக்கு ஆகும். எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு ஊர்ச் சம்போய் வாங்கித் தொங்கவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செய்தியும் செனியோ வழியாகத்தான் வந்தது. கழுத்தில் குழாய் போட்டு ஆறு தடவை மெஷினில் ஏற்றினார்கள். இரண்டாவது தடவை மூச்சுத் திணறி, பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் பையில் ஒரு கரண்டி அளவு மஞ்சள் தண்ணீர் வந்தது. பக்கத்துக் கட்டில்காரன் அதைப் பார்த்துவிட்டுக் கை தட்ட, பதினாறு கட்டிலும் கை தட்டியதாம். ருஃபினோ படுத்தபடியே ராஜா மாதிரிக் கையை அசைத்தானாம். இதைச் சொல்லும்போது செனியோ சிரித்தான், கூடவே மூக்கைத் துடைத்தான். மினியாங் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரிஸ்ஸா போன் செய்யவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ருஃபினோ வீட்டுக்கு வந்தான். மினியாங் வேலி வழியாகப் பார்த்தாள். பாதி ஆளாகியிருந்தான். ஜீப்னியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான், ஆனால் சாவியைப் போடவில்லை. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலி ஓட்டையை யாரோ புது மூங்கில் வைத்து அடைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டது. நாலைந்து வெட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி வெட்டு. ஆண் வெட்டுகிற வெட்டு இல்லை. அப்புறம் ஒரு மரம் சாய்கிற சத்தம்.

சற்று நேரத்தில் ஸெனாய்தா தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். தோளில் ஒரு சாக்கு. அதைப் பிழியும் பலகைக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். வாய் திறந்து பச்சைக் காய்கள் உருண்டன.

மினியாங் எழுந்து நின்றாள். எதிரில் இருப்பவள் உட்காரவில்லை.

"காய் வீணாப் போவக் கூடாது," என்றாள் ஸெனாய்தா. யாரிடமோ சொல்வது போல. "பிழி."

மூன்று வாரமாக அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. மினியாங் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். காம்பு கிள்ளினாள், குத்தினாள், சாக்கில் போட்டாள். ஒருத்தி உட்கார்ந்து செய்கிற வேலையை இன்னொருத்தி நின்றுகொண்டே பார்த்தாள். வெயில் ஏறியது. தோரிங் வாசல் வரை வந்து, இருவரையும் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனாள்.

கல் ஏறியது. மூங்கில் வாய்க்காலில் பச்சை நூல் விழுந்தது. பேசின் நிரம்பும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரம்பியதும் மினியாங் பேசினைத் தூக்கினாள். ஸெனாய்தா பின்னாலேயே வந்தாள். பின்வேலி ஓரம், புல் முளைக்காத அந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

மினியாங் பேசினைச் சாய்த்தாள்.

"நில்லு."

ஸெனாய்தாவின் கை பேசினின் விளிம்பைப் பிடித்திருந்தது. வெறுங்கை. கோடாலி பிடித்துக் கொப்புளம் கண்ட கை. புளித்தண்ணீர் பட்டு எரிந்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

"சொல்லிட்டு ஊத்து," என்றாள்.